எலியும் தசையும்

தமிழிலக்கணம் பயிலும் எம்மனோர்க்கும் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கும் யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவுதல் கூடும். விடுதியில் எம்முடன் உறையும் விலங்கியல் மாணவர் ஒருவர், ஓரிரவு உணவுக்குப்பின், "ஓர் உயிரின் மரபணுக்களுள் ஒன்றை அடியோடு நீக்கிய பின்னும் அவ்வுயிர் யாதொரு குறையுமின்றிப் பிறந்து ஓடியாடித் திரியுமாயின், அம்மரபணுவின் தொழில் யாது?" என்று எம்மை மடக்கினார். "தொழில் ஒன்றும் இல்லை என்பதே விடை" என்றோம். அவர் நகைத்தார். அந்நகைப்பின் காரணத்தை அறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

எலிக்கும் தசைக்கும் சொல்லளவில் பழைய உறவு ஒன்று உண்டு. இலத்தீன் மொழியில் 'முஸ்' என்பது எலி. 'முஸ்குலுஸ்' என்பது சிற்றெலி. மடக்கிய கையின் தசை தோலின்கீழ் எழுந்து அசைவது சிற்றெலி ஓடுவது போன்று தோன்றியமையால் தசைக்கும் அப்பெயரே ஆயிற்று. ஆங்கிலத்தில் தசையைக் குறிக்கும் 'மஸில்' என்னுஞ் சொல் அதன் வழிவந்ததே. வீட்டெலிக்கு உயிர்நூலார் வழங்கும் பெயரும் 'முஸ் முஸ்குலுஸ்' என்பதாம். சொல்லாராய்ச்சி எம்மை எளிதில் விடுவதன்று, நேயர்கள் பொறுத்தருள்க.

நிற்க. உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் அவ்வுயிரின் மரபு முழுவதும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. எலியின் ஏட்டில் அவ்வெழுத்துகள் 250 கோடிக்கு மேற்பட்டன. அவற்றுள் ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய வாசகத்தை மரபணு என்கின்றோம். எலியின் மரபணுக்களுள் மிகப் பெரும்பாலானவற்றிற்கு மனிதனிடத்தே இணை உண்டென்பது, 2002ஆம் ஆண்டில் எலியின் மரபேடு படிக்கப்பெற்று வெளிவந்தபோது தெளிவாயிற்று. மேலும் எலி மூன்று வாரத்திற்குள் ஈனும். ஓரீற்றில் ஆறேழு குட்டிகள் பிறக்கும். இரண்டு திங்களில் அக்குட்டிகள் தாமும் பெருகும் பருவம் எய்தும். ஆராய்ச்சியாளர் ஏனைய விலங்குகளை விடுத்து இதனைத் தேர்ந்தமைக்கு இவையே காரணம்.

கருவில் தசை தோன்றும் முறையைச் சிறிது கூறுவாம். முதுகெலும்பு அமையவிருக்கும் நெடுங்கோட்டின் இருமருங்கும் உயிரணுக்கள் கட்டி கட்டியாகத் திரளும். அக்கட்டிகளிலுள்ள சில உயிரணுக்கள் தசையாதற்கு உறுதிபூண்டு, இளந்தசையணுக்கள் ஆகும். பின்னர் அவை வரிசையாக நின்று, ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்களையுடைய நீண்ட இழையாக மாறும். அத்தகைய இழைகளின் கட்டே யாம் எழுதுகோல் பிடித்தற்கும் மூச்சு விடுதற்கும் உதவும் தசை. எல்லா உயிரணுக்களிடத்தும் இருப்பது ஒரே ஏடுதான். அங்ஙனமாக, ஓர் உயிரணுவிடம் "நீ தசை ஆகுக" என்று ஆணையிடுவது யாது?

இவ்வினாவிற்கு முதல் விடை 1987ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் டேவிஸ், ஹெரால்டு வைன்ட்ராப், ஆண்ட்ரூ லாசர் என்னும் மூவர், தசையாகாத உயிரணுக்களில் காணப்படாமல் இளந்தசையணுக்களிற் காணப்படும் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தனர். இணைப்புத் திசுவைச் சேர்ந்த உயிரணுக்களுள் அதனைப் புகுத்தினர். அவை தசையாயின. அம்மரபணுவிற்கு 'மயோடி' என்று பெயரிட்டனர். பின்னர்க் கொழுப்பு, நரம்பு, தோலின் நிறம் ஆகியவற்றிற்குரிய உயிரணுக்களிலும் புகுத்திப் பார்த்தனர். அவற்றிலும் தசைக்கே உரிய மரபணுக்கள் விழித்தெழுந்தன. ஆணையிடுவோன் அகப்பட்டான் என்றே பலரும் எண்ணினர். அடுத்த சில ஆண்டுகளில் மயோடியை ஒத்த உறவினர் மூவர் அறியப்பட்டனர். அவர் மிஃப்-5, மயோஜெனின், எம்.ஆர்.எஃப்.-4 என்போர். நால்வரும் ஒரு குடும்பத்தார்.

கண்ணாடித் தட்டில் ஒரு மரபணு ஒன்றைச் செய்ய வல்லது என்று காட்டுதல் வேறு. உயிருள்ள உடலில் அத்தொழில் அதனையே நம்பியிருக்கின்றது என்று காட்டுதல் வேறு. பின்னதை அறிதற்கு ஒரே வழி, அம்மரபணுவை நீக்கிய விலங்கை உண்டாக்கிப் பார்த்தலேயாம். 250 கோடி எழுத்துகளுள் குறித்த ஒரு சொல்லைத் தேடிச்சென்று அழிப்பது எவ்வாறு?

கருவுற்ற நான்காம் நாளளவில் எலியின் கரு, நீர் நிறைந்த நுண்ணிய பந்து போன்றிருக்கும். அதனுள் ஒருபால் திரண்டுள்ள உயிரணுக்களிலிருந்தே உடல் முழுவதும் உண்டாகும். இக்குருத்தணுக்களைக் கருவினின்று எடுத்துத் தட்டில் வளர்க்கும் முறையை 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸ், மாத்யூ காஃப்மன் என்பாரும், சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டின் என்னும் அம்மையாரும் தனித்தனியே கண்டனர். இது ஒரு பாதி. மறுபாதியை அமெரிக்காவில் மேரியோ கப்பெக்கியும் ஆலிவர் ஸ்மித்தீஸும் கண்டனர். அழிக்க வேண்டிய மரபணுவைப் போன்ற படி ஒன்றைச் செய்து, அதன் நடுவே ஒரு மருந்தைத் தாங்கும் ஆற்றல் தரும் வேறொரு மரபணுவைச் செருகி, குருத்தணுக்களுள் விடுவர். மிகச் சிலவற்றில் மட்டும் இப்போலிப்படி உண்மைப் படியின் இடத்தில் சென்று அமரும். அம்மருந்தைத் தட்டில் ஊற்றினால் போலிப்படியை ஏலாத உயிரணுக்கள் மடியும். பிழைத்தவற்றுள்ளிருந்து உரிய இடத்தில் மாற்றம் பெற்றவற்றைத் தேடி எடுப்பர்.

கப்பெக்கி, போர்க்காலத்து இத்தாலியில் சிறுவராய் வீதிகளில் அலைந்து வளர்ந்தவர். 1980ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி இவர் விண்ணப்பித்தபோது, 'இது கைகூடாத முயற்சி' எனக் கூறி அப்பகுதிக்கு உடன்பட மறுத்தனர். இவரோ வேறு பகுதிகளுக்கென வந்த பொருளையும் இதிலேயே இட்டார். இவ்வாறு செய்தல் முறையாமோ என்று எம் பொருளியல் ஆசிரியர் கேட்பார். ஆயினும் 2007ஆம் ஆண்டில் கப்பெக்கி, ஸ்மித்தீஸ், எவான்ஸ் மூவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மாற்றம் பெற்ற குருத்தணுக்களை, கரிய எலியின் இளங்கருவினுள் நுண்ணூசியாற் செலுத்தித் தாயெலியின் கருப்பையில் இடுவர். குருத்தணுக்கள் பழுப்பு நிற எலியினத்தைச் சேர்ந்தன ஆதலின், பிறக்கும் குட்டி கருமையும் பழுப்பும் திட்டுத் திட்டாய் விரவிய கலப்புடையதாகும். நிறமே இங்குச் சான்று. அக்குட்டியின் விந்தணுக்கள் மாற்றம் பெற்ற அணுக்களிலிருந்து தோன்றியிருப்பின், அடுத்த தலைமுறையில் ஒரு படி பழுதான எலிகள் பிறக்கும். அவற்றைத் தம்முள் இணைத்தால் நான்கிலொன்று இருபடியும் பழுதானதாய்ப் பிறக்கும். இவ்வளவும் நிறைவேற ஓராண்டிற்கு மேலும் ஆவதுண்டு.

இனி எம் நண்பரின் வினாவிற்கு வருவாம். அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த வொயிட்ஹெட் ஆய்வுக்கழகத்தில் ருடால்ஃப் யேனிஷ் என்பாரின் கூடத்தில், மைக்கேல் ருட்னிக்கி முதலியோர் மயோடி அற்ற எலியை உண்டாக்கி 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொழுப்பணுவையும் தசையாக்கும் அப்பேராற்றலுடைய மரபணு இல்லாத எலி யாதாயிற்று? பிறந்தது, பால் குடித்தது, வளர்ந்தது, குட்டிகளும் ஈன்றது. தசையில் குறை ஒன்றும் புலப்படவில்லை. அவ்வாண்டிலேயே மிஃப்-5 அற்ற எலிகளையும் கண்டனர். அவற்றின் தசையும் பிறக்கும்பொழுது செம்மையாகவே இருந்தது. தொடக்கத்தில் இரண்டொரு நாள் காலந்தாழ்த்தது, அவ்வளவே. ஆனால் விலா எலும்புகளின் பெரும்பகுதி இல்லை. மார்புக்கூடு இன்றி மூச்சிழுக்க இயலாமல் அக்குட்டிகள் பிறந்தவுடன் இறந்தன.

எம்மைப் போன்றார் விரைந்து முடிவு கட்டுவது இவ்விடத்திலேதான். 'மயோடிக்குத் தொழிலில்லை, மிஃப்-5 விலாவைச் செய்வது' என்று எழுதிவிடலாம். இரண்டும் பிழை. இலக்கண மாணவர் ஒருவர், 'பால் குடித்தான்' என்னுந் தொடரில் ஐ உருபு இல்லாமலே பொருள் விளங்குதல் கண்டு, ஐ உருபிற்குத் தொழில் இல்லை என்று சூத்திரம் செய்வாராயின் யாம் என் சொல்வோம்? குடித்தவன் பாலன்று என்பதைக் கேட்பவன் தானே அறிவான். உருபின் வேலையை வேறொன்று ஏற்றுக்கொண்டது. மயோடி அற்ற எலியில் மிஃப்-5 மிகுதியாகச் செயற்பட்டிருத்தல் கண்டறியப்பட்டது. ஒருவர் இல்லாத வீட்டில் மற்றவர் உழைத்திருக்கின்றார்.

ஆயின் இருவரையும் ஒருங்கே நீக்கினால்? ஒவ்வொரு மரபணுவிலும் ஒவ்வொரு படி பழுதான எலிகளை இணைத்தால் பதினாறிலொன்றே இவ்விரண்டும் அற்றதாகும். அத்தகைய குட்டிகள் 1993ஆம் ஆண்டில் பெறப்பட்டன. உயிரோடு பிறந்தன, அசையவில்லை, மூச்சிழுக்கத் தசையின்றிச் சிறிது பொழுதில் இறந்தன. எலும்பைப் பற்றி நிற்கும் தசை உடலில் எங்கும் இல்லை. தசை ஆதற்கு உறுதிபூண்ட இளந்தசையணுக்களும் இல்லை. அதே ஆண்டில் மயோஜெனின் அற்ற எலிகளை அமெரிக்கரும் ஜப்பானியரும் தனித்தனியே உண்டாக்கினர். அவற்றில் இளந்தசையணுக்கள் இருந்தன; ஆனால் கலந்து இழையாகவில்லை. அவையும் பிறக்கையிலேயே இறந்தன. எனவே முன்னிருவர் 'தசையாகுக' என்னும் ஆணையினர். மயோஜெனின் அவ்வாணையை நிறைவேற்றுவோன் என்று வகுத்தனர். அழகிய வகுப்பு. ஆனால் நான்காமவர் அதனைக் குலைத்தார்.

எம்.ஆர்.எஃப்.-4 அற்ற எலிகளை மூன்று ஆய்வுக்கூடத்தார் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே மரபணுவையே மூவரும் நீக்கினர். ஒரு கூடத்து எலிகள் நன்கு வாழ்ந்தன. மற்றொரு கூடத்தன விலாவின்றி இறந்தன. மூன்றாங் கூடத்தன இரண்டிற்கும் இடைப்பட்டன. (அம்மூன்றாங் கூடத்தில் மாணவராயிருந்து அவ்வாய்வின் முதலாசிரியராய் நின்ற ஆர்டெம் படபூட்டியன், பிற்காலத்தில் தொடுவுணர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்காக 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார்.) ஒரு வினாவிற்கு மூன்று விடை வந்தால் வகுப்பில் இரண்டேனும் பிழையாதல் வேண்டும். இங்கு அவ்வாறும் அன்று. ஒருவரும் பொய் கூறவில்லை. எலிகள் அவரவர் கூறியவாறே இருந்தன.

ஏட்டுச்சுவடிகளை எடுத்துப் பார்த்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஓலையின் இருபுறத்தும் எழுத்து உண்டு. இப்புறத்து ஒரு சொல்லை இராமபாணப் பூச்சி துளைத்தால் அப்புறத்துச் சொல்லும் உடன் போகின்றது. மிஃப்-5, எம்.ஆர்.எஃப்.-4 என்னும் இரண்டும் எலியின் பத்தாம் நிறப்புரியில், சில ஆயிரம் எழுத்துத் தொலைவில், அண்டை வீடுகளாய் அமைந்தவை. ஒன்று எப்பொழுது எங்கே செயற்பட வேண்டும் என்று குறிக்கும் வாசகங்கள் மற்றொன்றின் எல்லையினுள்ளும் அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கின்றன. ஒன்றை வெட்டியபோது, வெட்டிய அளவிற்கும் செருகிய மருந்து மரபணுவின் நிலைக்கும் ஏற்ப, மற்றொன்றும் சிறிதாகவோ பெரிதாகவோ வாயடைத்துப் போயிற்று. மூன்று கூடத்தார் வெட்டியதும் மூன்று வகை. ஆதலின் விளைவும் மூன்று.

இதனை உணர்ந்தபின் பழைய முடிவுகளை மீண்டும் திறந்து பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் தாமஸ் பிரவுன் என்பாரின் குழுவினர் மிஃப்-5ஐ மட்டும் நீக்கி, செருகிய மருந்து மரபணுவையும் சுவடின்றி அகற்றினர். முதற்பொழுதில் தோன்றவேண்டிய தசைப்படலம் முன்போலவே இல்லை. ஆனால் விலா எலும்புகள் செம்மையாக இருந்தன! 1992இல் வெளிவந்த ஆய்வில் பங்குகொண்டவரும் இப்பிரவுனே என்பது குறிக்கத்தக்கது. தம் பழைய முடிவைத் தாமே திருத்தி அச்சிடும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பின்னர் 2004ஆம் ஆண்டில் பாரிசிலுள்ள பாஸ்டர் கழகத்தார், மயோடி, மிஃப்-5 என்னும் இரண்டையும் நீக்கி, அண்டை வீட்டு எம்.ஆர்.எஃப்.-4ஐ மட்டும் பழுதின்றிக் காத்தனர். கருவில் தசை ஓரளவு தோன்றிற்று. ஆகவே 1993ஆம் ஆண்டின் தசையற்ற குட்டிகளில் நீக்கப்பட்டவை பெயரளவில் இரண்டு, செயலளவில் மூன்று. 'தசையாகுக' என்று ஆணையிட வல்லோர் இருவரல்லர், மூவர்.

இவ்வாறு பிறந்து இறந்த குட்டிகளைப் பற்றி ஆய்வேடுகளில் 'பிறந்தவுடன் இறந்தன' என்று ஒரு வரி இருக்கும். அவ்வரியைக் கடந்து செல்லுதல் எமக்கு எளிதாயில்லை. இவ்வாராய்ச்சியே கூடாது என்று யாம் கூறவில்லை. ஆனால் வெட்டுதலில் நேர்ந்த கவனக்குறைவு, அவ்வுயிர்களைப் பிழையான விடைக்குச் செலவிட்டதாகின்றது. அது காகிதத்தில் எழுத்துப்பிழை செய்வது போன்றதன்று.

மயோடியின் கதை இன்னும் முடியவில்லை. வளர்ந்த விலங்கின் தசையிழைகளின் ஓரத்தில் ஒட்டி உறங்கும் சில உயிரணுக்கள் உண்டு. இழை காயமுற்றால் அவையே விழித்துப் பெருகிப் புதிய இழையாகும். ருட்னிக்கியின் குழுவினர் 1996ஆம் ஆண்டில், குறையின்றி உலவிய அந்த மயோடி அற்ற எலிகளின் தசையைக் காயப்படுத்திப் பார்த்தனர். தசை செம்மையாக ஆறவில்லை. விழித்த அணுக்கள் இழையாகாமல் தயங்கின. 'எம்.டி.எக்ஸ்.' எனப்படும் எலியினம் ஒன்று உண்டு. சிறுவரைப் பற்றித் தசையை அழிக்கும் டுசேன் நோயில் இல்லாது போகும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் அவ்வினத்திலும் இல்லை. எனினும் அது மனிதச் சிறுவரளவு துன்புறுவதில்லை. அதன் தசை சிதையச் சிதையப் புதுப்பிக்கப்படுகின்றது. அவ்வினத்தோடு மயோடி அற்ற எலியை இணைத்தபோது பிறந்தவை பெரிதும் நலிவுற்றன. 'பால் குடித்தான்' என்பதில் மறைந்து நின்ற உருபின் அருமை, 'புலி கொன்ற யானை' என்று வரும்பொழுதன்றோ தெரிகின்றது! கொன்றது புலியா யானையா என்று திகைக்கும் அவ்விடத்திலேதான் உருபு வேண்டப்படுகின்றது. அமைதியாய் வளர்க்கப்படும் எலிக்கு மயோடி இன்றியும் நடந்தது. புண்பட்ட எலிக்கு நடக்கவில்லை.

காலமும் ஒரு வேறுபாடு செய்கின்றது. ஒரு மரபணுவின் இருபுறத்தும் அடையாளமிட்டு வைத்து, வேண்டிய காலத்தில் வெட்டும் முறை பின்னர் வந்தது. கருவில் மயோஜெனின் இல்லையேல் சாவு என்பதைக் கண்டோம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில், எலி பிறந்த பின்னர் மட்டும் அதனை வெட்டினர். தசை ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. எலியின் உடல்தான் சிறுத்தது. கட்டும்பொழுது இன்றியமையாத சாரம், வீடு எழுந்தபின் அவிழ்க்கப்படுகின்றது.

இக்கண்டுபிடிப்புகள் எலியோடு நின்றுவிடவில்லை. 2016ஆம் ஆண்டில், ஒரே குடும்பத்தில் பிறந்து உடனே இறந்த குழந்தைகள் சிலரைப் பற்றி மருத்துவர் எழுதினர். கருவிலேயே அவர்கள் அசைவு குன்றியிருந்தனர். அவர்களிடம் மயோடியின் இருபடியும் பழுதாயிருந்தன. எலி தாங்கிய குறையை மனிதக் குழந்தை தாங்கவில்லை. 2018ஆம் ஆண்டில் மிஃப்-5 பழுதான சில மனிதரைக் கண்டனர். அவர்கள் வாழ்கின்றவர்கள், ஆனால் கண்விழியை அசைக்கும் தசைகள் இயங்கவில்லை, முதுகெலும்பிலும் விலா எலும்பிலும் கோளாறு இருந்தது. எலியில் அண்டை வீட்டின்மேல் ஏற்றித் தள்ளப்பட்ட அந்த விலா, மனிதரிடத்தே மிஃப்-5இன் வாசலுக்கே திரும்பி வந்து நிற்கின்றது.

இதனை யாம் விலங்கியல் நண்பரிடம் கூறினோம். அவர் இம்முறை நகைக்கவில்லை. விளக்கைத் தூண்டி, அக்கட்டுரையைத் தம்மிடம் தருமாறு கேட்டார்.